கொடைக்கானல் கேம்ப் ஹவுஸ்: விளம்பரத்தில் 60 பேர், வெந்நீர்க் கணக்கில் 45

மே மாதம் சபையில் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்து, பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிய கையோடு யூத் லீடர் தலையில் விழுகிற அடுத்த வேலை வாலிபர் கேம்ப். தொண்டை ஏற்கெனவே கட்டியிருக்கும். கமிட்டி கேட்பது இரண்டே கேள்வி: தலைக்கு எவ்வளவு, எத்தனை பேர் படுக்கலாம்? வீட்டுக்காரர்களும் அந்த இரண்டுக்குத்தான் பதில் வைத்திருப்பார்கள். மூன்றாவதாகக் கேட்க வேண்டியது வெந்நீர்.

இங்கே பார்க்கப்போவது கொடைக்கானலில் ஏரியிலிருந்து 6 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஒரு கேம்ப் ஹவுஸ். பெயர் வேண்டாம், இதே குறைகள் மலையில் பாதி வீடுகளில் உண்டு. தங்க மட்டும் தலைக்கு, நாளைக்கு 350 ரூபாய், குறைந்தது 40 தலைக்குக் கட்டணம். சமையலறையும் பாத்திரமும் அதில் அடக்கம். கேஸும் விறகும் நம் செலவு. இரண்டு மாடி, அடுக்குக் கட்டில் போட்ட எட்டு அறைகள், ஒரு ஹால், ஆறு குளியலறை. படுக்கையை எண்ணினால் 60 சரியாகத்தான் வருகிறது.

ஆறு குளியலறையிலும் 25 லிட்டர் கீசர், 2 கிலோவாட். மே மாத விடியலில் மாடித் தொட்டித் தண்ணீர் ஏறக்குறைய 14 டிகிரி. அதை 65 டிகிரிக்கு ஏற்ற முக்கால் மணி நேரம் ஆகும். அப்படிச் சூடான 25 லிட்டரைக் குளிர்ந்த தண்ணீரோடு விளாவினால் 15 லிட்டர் பக்கெட்டில் மூன்று கிடைக்கும், அதுவும் தாராளமாகச் சொன்னால். ஆக, ஆறு கீசருக்கு ஒரு சுற்றில் 18 பேர். இது மின்சாரம் 230 வோல்ட் இருந்தால் வரும் கணக்கு. ஆறையும் ஒன்றாகப் போட்டால் 12 கிலோவாட் இழுக்கும். விடிகாலையில் அக்கம்பக்க லாட்ஜுகளும் அதையே செய்வதால் வோல்டேஜ் 180-க்கு இறங்கிவிடும். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் சூடு ஐந்தில் இரண்டு பங்கு குறையும். முக்கால் மணி ஒன்றேகால் மணி ஆகிவிடும். 5 மணிக்கு முதல் 18, 6:15-க்கு அடுத்த 18. ஏழு மணி காலை தியானத்துக்கு மீதிப் பேர் பச்சைத்தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு பல் தந்தியடிக்க வந்து நிற்பார்கள்.

வீட்டைக் காப்பாற்றுவது பின்கட்டில் இருக்கும் 100 லிட்டர் விறகு பாய்லர். இதை வீட்டுக்காரர் விளம்பரத்தில் சொல்வதே இல்லை. கேட்டால்தான் சாவி வரும். பக்கெட்டில் முதலில் 10 லிட்டர் பச்சைத்தண்ணீர், மேலே 5 லிட்டர் பாய்லர் தண்ணீர்: உடம்புக்கு இதமான சூடு. இந்த அளவில் ஒரு பாய்லருக்கு 19 பக்கெட் கிடைக்கும். வரிசையைத் தலைகீழாக்கி வெந்நீரை முதலில் ஊற்றினால், அவசரத்தில் யாராவது கையை விட்டுவிடுவார்கள். பக்கெட்டின் உள்பக்கம் 10 லிட்டர் அளவில் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிட்டால் சண்டையும் இல்லை, சூடும் பட வாய்ப்பில்லை. நன்றாகக் காய்ந்த விறகு சுமார் 10 கிலோ, ஒன்றரை மணி நேரம். 4 மணிக்கே பற்றவைக்க ஒரு ஆளை இரவே நியமித்துவிட வேண்டும். வீட்டில் அடுக்கியிருக்கும் சீகை (வாட்டில் மரம்) விறகு மேலே காய்ந்ததுபோல் இருக்கும், பிளந்தால் உள்ளே ஈரம். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்றால் காய்ந்தது, தொப்பென்றால் புகைதான் வரும். அடுத்த நாளைக்கு வேண்டிய விறகை முந்தின இரவே சமையலறைக்குள் கொண்டுவந்து வைத்துவிடுவது நல்லது.

கீசர் இரண்டு சுற்று, பாய்லர் ஒன்று: ஏழு மணிக்குள் 55 பக்கெட். ஒரு கீசர் மக்கர் செய்யும், இரண்டு பேர் இரண்டு பக்கெட் ஊற்றிக்கொள்வார்கள். அதையெல்லாம் கழித்தால் ஏறக்குறைய 45 பேர். 50 பேரைக் கூட்டிப்போயே ஆகவேண்டும் என்றால் பையன்களை மாலை விளையாட்டு முடிந்ததும் குளிக்கச் சொல்லுங்கள். அப்போது தொட்டித் தண்ணீரும் அவ்வளவு ஜில்லென்று இருக்காது, கீசரும் சீக்கிரம் முடிக்கும். மாடியில் சோலார் ஹீட்டர் ஒன்றும் இருக்கிறது. மூடுபனிக் காலத்தில் அதை அலங்காரம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

சமையலறை இந்த வீட்டின் பலம். பெரிய கேஸ் அடுப்பு மூன்று, அண்டாக்கள், வடிதட்டு, 22 லிட்டர் பிரஷர் குக்கர் இரண்டு. ஆனால் மதுரையிலோ திருநெல்வேலியிலோ சபை விருந்துக்குச் சமைத்துக் கை பழகினவர்கள் இங்கே முதல் நாள் திணறுவார்கள். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம்; தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து அரிசி வெந்துவிட்டது என்று வடித்தால் நடுவில் அரிசிக்குருணை நிற்கும். 50 பேர் மதியச் சாப்பாட்டுக்கு 7 கிலோ அரிசி, குளிரில் பசி கூடும் என்பதால் அரைக் கிலோ கூடுதல். அரைமணி நேரம் ஊறவையுங்கள், அண்டா மூடியின் மேல் கனம் வையுங்கள், கீழே ஆகிற நேரத்தைவிடக் கால்மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேகவைக்கிற வேலையே வேண்டாம். சாம்பாருக்கு இரண்டரைக் கிலோ பருப்பு, ஏழரை லிட்டர் தண்ணீர், 22 லிட்டர் குக்கரில் பாதிக்கு மேல் போகாது. கீழே நாலு விசில் என்றால் இங்கே ஆறு. இந்த வீட்டுக் குக்கர்களில் ஒன்றின் கேஸ்கட் தளர்ந்துபோய்ப் பக்கவாட்டில் ஆவி விடுகிறது. அதே அளவில் கேஸ்கட் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கொண்டைக்கடலையை முந்தின இரவு வெந்நீரில் ஊறப்போடாவிட்டால் சுண்டல் கல்தான்.

இட்லியை மெனுவிலிருந்து எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். ராத்திரி 12 டிகிரி குளிரில் மாவு அசையாது. காலையில் மூடியைத் திறந்தால் ஊற்றி வைத்த மட்டத்திலேயே கிடக்கும். கேட்டே தீருவேன் என்கிற ஐயர் (சபைப் போதகர்) இருந்தால், முதல் நாள் காலையிலேயே அரைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, தூக்கைச் சாக்கால் சுற்றி பாய்லர் அறையில் வையுங்கள். 20 மணி நேரம் ஆகும். பொங்கல், உப்புமா, ரொட்டி முட்டை எல்லாம் இந்தத் தொல்லை இல்லாதவை. பொங்கலுக்கு 4 கிலோ பச்சரிசி, ஒன்றேகால் கிலோ பாசிப்பருப்பு 50 பேருக்குப் போதும், குக்கரிலேயே செய்துவிடலாம்.

கேஸில் ஒரு சங்கதி. பெரிய அடுப்பை முழுவேகத்தில் விட்டால் 19 கிலோ சிலிண்டரின் வெளிப்புறம் வியர்த்து, குளிர்ந்து, தீ இளைக்கும். தீர்ந்துவிட்டது என்று நினைத்துப் பாதி கேஸோடு மாற்றிவிடுவார்கள். தூக்கிப் பார்த்து எடையை மதிப்பிட்டு, வேறொரு சிலிண்டரை இணைத்து, இதை ஒரு மணி நேரம் சும்மா விட்டால் மறுபடி எரியும். சிலிண்டரை அடுப்புப் பக்கம் நகர்த்திச் சூடேற்றுகிற யோசனை யாருக்காவது வந்தால் உடனே தடுத்துவிடுங்கள்.

காய்கறியில் கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பட்டாணி எல்லாம் ஊரிலேயே கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மலைப்பூண்டும். தேங்காய், தக்காளி, சின்ன வெங்காயம் மூன்றையும் வத்தலக்குண்டிலேயே வாங்கி ஏற்றிவிடுங்கள்.

ஹால் பார்க்க அழகு. கூரை தகரம். ஏப்ரல், மே மாதங்களில் மதியம் இரண்டு மூன்று மணி வாக்கில் மழை இறங்குவது இங்கே வாடிக்கை. தகரத்தில் மழை விழுந்தால் மைக்கில் பேசுகிறவர் சொல்வது அவருக்கே கேட்காது. சிறப்புச் செய்தி கொடுக்க வந்த பிரசங்கியாரை மதியம் 3 மணிக்குப் போட்டுவிட்டு, அவர் தொண்டை கிழியக் கத்துவதைப் பார்த்துக்கொண்டிருப்பது லீடர்களின் வழக்கமான தப்பு. முக்கியமான கூட்டங்கள் காலை 9:30 முதல் 12:30 வரை. மதியம் அறைகளில் சிறு குழு வேத ஆராய்ச்சி. பாட்டும் சாட்சியும் இரவு 7 மணிக்கு. ஜெனரேட்டர் ஹால் விளக்கும் மைக்கும் மட்டும்தான் தாங்கும். கீபோர்டு, புரொஜெக்டர் இரண்டுக்கும் தனி யு.பி.எஸ். கொண்டுபோவது நல்லது.

தலைக்கு ஒரு கம்பளிதான் தருவார்கள், இரவுக்குப் போதாது. மெத்தைகளில் ஈர வாடை உண்டு. போய் இறங்கிய முதல் வேலையாக, வெயில் இருக்கும்போதே இரண்டையும் முன்வராந்தா கைப்பிடியில் ஒரு மணி நேரம் போட்டெடுத்தால் பாதி போகும். மாடிக்கு ஒரே படிக்கட்டு. பெண்பிள்ளைகள் மேலே, படியடி அறையில் அக்காமார் இருவர் என்று வைத்தால் இரவுக் காவல் சுலபம். அந்த வகையில் வீட்டின் அமைப்பைக் குறை சொல்ல முடியாது.

இரவு உணவு மிச்சத்தை வெளியே கொட்டவே கூடாது. காட்டுமாடு கேட் வரை வரும். டார்ச் அடித்து, செல்போனோடு பக்கத்தில் போகிற வீரர்கள் ஒவ்வொரு கேம்ப்பிலும் இரண்டு பேர் இருப்பார்கள். அவர்கள் யார் என்று முதல் நாள் சாயங்காலமே தெரிந்துவிடும். கேம்ப் ஃபயருக்கு வீட்டு முற்றத்தில் கல் வளையம் கட்டியிருக்கிறது, அதற்குள் மட்டும்தான் தீ. பக்கத்துச் சரிவில் தைலமரச் சருகு. இரண்டு வாளி தண்ணீர் வைத்துக்கொண்டு, முடிந்ததும் சாம்பலைக் கிளறி ஊற்றிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

வண்டி விஷயம். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் கட்டாயம். வண்டி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும், அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்குத் தேவையில்லை. வீட்டுக்கு இறங்கும் கடைசி 200 மீட்டர் ஒற்றையடிப் பாதைக்குக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். பெரிய பஸ் திரும்பாது; 25 சீட் வேன் இரண்டு சரி. 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டில் கொண்டுவரச் சொல்லி பெற்றோர் சம்மதக் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடலாம். வாந்தி வருகிறவர்களுக்கு முன் சீட்டு. வத்தலக்குண்டில் வயிறு முட்டப் பரோட்டா சாப்பிட விட்டால் அப்புறம் வேனைக் கழுவ வேண்டியதுதான்.

வெளியே போக ஒரு நாள் ஒதுக்கினால் செவ்வாய், புதன் பாருங்கள். மலர்க் கண்காட்சி நடக்கும் சமயம் வார இறுதியில் ஏரிச்சாலை நகராது. கோக்கர்ஸ் வாக் காலை 9 மணிக்குள். அப்புறம் பனி ஏறிவிட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர், நடந்தே போய்வரலாம், செலவும் இல்லை. டால்பின் மூக்குக்கு வட்டக்கானலிலிருந்து இறங்குகிற பாதை முழுக்க வேரும் கல்லும். முந்தின நாள் மழை பெய்திருந்தால், செருப்புப் போட்ட கூட்டத்தை அங்கே இறக்காதீர்கள்.

காலி செய்யும்போது கம்பளி, தட்டு, டம்ளர் மூன்றையும் வாட்ச்மேன் எண்ணுவார். குறைகிற ஒவ்வொன்றுக்கும் முன்பணத்தில் பிடிப்பார்கள். வந்த அன்றே அவரைக் கூட வைத்துக்கொண்டு எண்ணி, ஒரு தாளில் எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போர்டில் 60 என்று போட்டிருக்கும் வீட்டில் தட்டு 52-தான் இருக்கிறது.