கருப்பையைக் காப்பாற்றும் அறுவை: கூம்பு வெட்டா, டிராக்கெலெக்டமியா?

கருப்பை வாய்ப் புற்றுநோய் ஆரம்ப நிலையில் தெரிந்துவிட்டால், "கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் கவலை விட்டது" என்றுதான் வீட்டில் முதலில் பேச்சு எழும். பிள்ளை வேண்டும் என்கிற பெண்ணுக்கு அதைத் தவிரவும் வழி உண்டு. எந்த வழி என்பதைத் தீர்மானிப்பவை பயாப்ஸி அறிக்கையில் இருக்கும் மில்லிமீட்டர்கள். ஃபிகோ என்ற சர்வதேச மகளிர் மருத்துவக் கூட்டமைப்பின் 2018ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி, புற்றுநோய் திசுவுக்குள் 3 மி.மீ.க்குக் குறைவாக இறங்கியிருந்தால் 1ஏ1 நிலை. 3 முதல் 5 மி.மீ.க்குள் என்றால் 1ஏ2. 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழம் இருந்து, கட்டி 2 செ.மீ.க்குள் அடங்கினால் 1பி1. இதோடு எல்விஎஸ்ஐ என்ற வரியையும் தேடிப் படிக்க வேண்டும். ரத்தக் குழாய், நிணநீர்க் குழாய்களுக்குள் புற்றணுக்கள் நுழைந்துவிட்டனவா என்பதை அதுதான் சொல்லும்.

கூம்பு வெட்டில் கருப்பை வாயின் நடுப்பகுதியைக் கூம்பு வடிவில் வெட்டி எடுக்கிறார்கள். எல்விஎஸ்ஐ இல்லாத 1ஏ1 நிலைக்கு, ஓரங்கள் சுத்தமாக இருந்தால், இது மட்டுமே போதும். கேட்க எளிதாக இருந்தாலும் தவறு நடப்பது இங்கேதான். மின்கம்பி வளையத்தால் எடுக்கும்போது ஓரம் கருகலாம், துண்டு இரண்டு மூன்றாகவும் வரலாம். அப்படி வந்தால் ஆழத்தை அளக்க முடியாது, ஓரம் சுத்தமா என்றும் சொல்ல முடியாது. அதனால் கத்தியால் ஒரே துண்டாக எடுத்து, 12 மணித் திசையில் ஒரு தையல் அடையாளம் போட்டு அனுப்புவதே நல்லது. மேலே மிஞ்சிய கருப்பை வாய்க் கால்வாயையும் சுரண்டிச் சோதிக்க வேண்டும். ஓரத்தில் புற்றுநோய் மட்டுமல்ல, அதற்கு முந்தைய தீவிர மாற்றம்கூட இருக்கக் கூடாது. இருந்தால் மறுபடி கூம்பு வெட்டுதான்.

ரேடிகல் டிராக்கெலெக்டமி பெரிய அறுவை. பிரான்சின் லியோன் நகரில் டேனியல் டார்ஜான் 1987இல் யோனி வழியாக இதைச் செய்யத் தொடங்கினார். கருப்பை வாயின் பெரும்பகுதி, அதன் பக்கத் திசுவான பாரமெட்ரியம், யோனியின் மேல்விளிம்பு எல்லாம் போய்விடும். மீதிக் கருப்பையை யோனியோடு இணைத்து, அதன் கழுத்தில் கரையாத தையல் ஒன்றைச் சுற்றிக் கட்டுவார்கள். முதலில் நிணநீர் முடிச்சுகளைச் சோதிக்க வேண்டும். அவற்றில் நோய் இருந்தால் இந்த அறுவை நின்றுவிடும். சிகிச்சை கதிர்வீச்சு, மருந்து பக்கம் திரும்பும். வெட்டிய பின் மேல் ஓரத்தை உறையவைத்து, அறுவை நடக்கும்போதே நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அங்கே போதிய இடைவெளி இல்லையென்றால் இன்னும் வெட்ட வேண்டும், அல்லது கருப்பையையே எடுக்க வேண்டிவரும். இந்தச் சாத்தியத்தை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே பெண்ணிடம் சொல்லியாக வேண்டும்.

வயிற்றைத் திறந்து செய்யும் முறையில் பாரமெட்ரியத்தை அகலமாக எடுக்கலாம். 2 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டிகளில் யோனி வழியைவிட இதை நம்பலாம். வயிற்றில் சிறு துளைகள் போட்டுக் கருவி நுழைத்துச் செய்யும் சிறுதுளை முறை விஷயத்தில் நிதானம் தேவை. கருப்பை முழுவதையும் பாரமெட்ரியத்தோடு எடுக்கும் ரேடிகல் அறுவையில், 2018இல் வெளியான லாக் ஆய்வின்படி 4.5 ஆண்டுகளில் நோயின்றி இருந்தவர்கள் திறந்த முறையில் 96.5%, சிறுதுளை முறையில் 86%. டிராக்கெலெக்டமிக்கு இப்படிச் சீட்டுக் குலுக்கி ஒப்பிட்ட ஆய்வு இல்லை.

கடினமான இடம் 1ஏ2வும் சிறிய 1பி1உம். பாரமெட்ரியத்தை எடுக்கத்தான் வேண்டுமா? கன்சர்வ் ஆய்வில் சேர்ந்த 100 பெண்களும் 2 செ.மீ.க்குள் கட்டி, 10 மி.மீ.க்கு மிகாத ஆழம், எல்விஎஸ்ஐ இல்லை, ஓரம் சுத்தம் என்ற வரம்புக்குள் வந்தவர்கள். அவர்களுக்குப் பாரமெட்ரியத்தை எடுக்காத சிறிய அறுவையோடு நிணநீர் முடிச்சுச் சோதனை செய்தார்கள். 2 ஆண்டுகளில் நோய் திரும்பியது 3.5%. 2024இல் வந்த ஷேப் ஆய்வு கருப்பையை எடுத்தவர்களைப் பற்றியது. அதில் 3 ஆண்டுகளில் இடுப்புக்குள் நோய் திரும்பியது சாதாரண அறுவையில் 2.52%, ரேடிகல் அறுவையில் 2.17%, சிறுநீர்த் தொல்லைகள் சாதாரண அறுவையில் குறைவு. ஆகவே இந்த வரம்புக்குள் வரும் பெண்ணுக்குக் கூம்பு வெட்டும் முடிச்சுச் சோதனையும் போதும் என்பதே எங்கள் கருத்து. முடிச்சுச் சோதனையை மட்டும் விட்டுவிடக் கூடாது: கன்சர்வில் 100இல் 5 பேருக்கு முடிச்சில் நோய் இருந்தது. எல்விஎஸ்ஐ இருந்தாலோ ஆழம் கூடினாலோ டிராக்கெலெக்டமிக்குப் போக வேண்டும். சிறு செல் நியூரோஎண்டோகிரைன் என்ற அரிதான, வேகமாகப் பரவும் வகைப் புற்றுநோயில் இந்த இரண்டு அறுவையும் பொருந்தாது.

கர்ப்ப விஷயத்தில் இரண்டுக்கும் இடைவெளி பெரிது. கூம்பு வெட்டுக்குப் பின் சுகப்பிரசவம் சாத்தியம்; கூம்பு நீளமாக நீளமாகக் குறைப்பிரசவ ஆபத்து கூடும். டிராக்கெலெக்டமிக்குப் பின் சிசேரியன்தான். வாயை அடைத்துக் காக்கும் சளி குறைந்துபோவதால் தொற்று எளிதாக மேலேறும். இரண்டாவது டிரைமெஸ்டரில் கரு கலைவதும், பனிக்குடம் முன்கூட்டியே உடைவதும் அதிகம். கருப்பை வாய்த் துளை சுருங்கிப்போவது இன்னொரு சிக்கல். மாதவிடாய் குறைந்து வலி மட்டும் கூடினால் துளை அடைபட்டிருக்கலாம். விரித்துவிட வேண்டும், அடைபட்டபடியே இருந்தால் கருத்தரிப்பதும் கடினம்.

எந்த அறுவையானாலும் கருத்தரிக்க 6 மாதமாவது பொறுக்க வேண்டும். முதல் 2 ஆண்டுகள் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனையும், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஹெச்பிவி (இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ்) சோதனையும் தவறக் கூடாது. பிள்ளை பிறந்த பின்னும் ஹெச்பிவி விடாமல் இருந்தால், கருப்பையை எடுப்பது பற்றி அப்போது பேசலாம்.