ஆழிப்பேரலைக்குப் பின் ஒரு தேவாலயப் பங்கின் நிவாரண மையம்: அங்கே தங்கியவரின் மதிப்பீடு

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு காலை, சுமத்ரா அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அக்கரைப்பேட்டையில் வீட்டை இழந்த நாங்கள், கத்தோலிக்கத் தேவாலயப் பங்கு (ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த மக்கள் சமூகம்) ஒன்று நடத்திய நிவாரண மையத்தில் ஐந்து வாரம் தங்கியிருந்தோம்.

அங்கே எங்கள் மதத்தை யாரும் கேட்கவில்லை. அம்மன் கோயில் குங்குமம் அழியாத நெற்றியோடு வரிசையில் நின்ற என் அம்மாவிடம் வயதான கன்னியாஸ்திரி ஒருவர், "சாப்பிட்டு எத்தனை நேரமாச்சும்மா?" என்று மட்டுமே கேட்டு, தட்டில் சூடான கஞ்சியை ஊற்றிவிட்டு, காணாமல்போன தம்பியின் பெயரையும் அவன் அணிந்திருந்த சட்டையின் நிறத்தையும் நீளமான கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டார். மாலை ஜெபத்துக்கு மணி அடிக்கும். வர விரும்பியவர்கள் வந்தார்கள், வராதவர்களின் சாப்பாடு ஒரு கரண்டிகூடக் குறையவில்லை. விசுவாசம் செயலில் தெரிய வேண்டும் என்பதை நான் உணர்ந்தது அங்கேதான்.

குறைகளும் உண்டு. எங்கிருந்தோ லாரி லாரியாக வந்திறங்கிய பழைய துணிகளைப் பிரிக்க ஆளில்லாமல் முற்றத்தில் குவித்து வைத்திருந்தார்கள்; பெண்களுக்கு உடனே தேவைப்பட்ட உள்ளாடையும் மாதவிலக்குத் துணியும் அந்தக் குவியலில் இல்லை. அதைக் கூச்சத்தோடு சொன்னபோது, மறுநாளே கன்னியர்கள் கடைக்குப் போய் வாங்கி வந்து, தாளில் சுற்றி ஒவ்வொருவர் கையிலும் தனியாகக் கொடுத்தார்கள்.

தம்பி கிடைக்கவில்லை. ஆனால் நாங்கள் மையத்தை விட்டுக் கிளம்பிய நாள்வரை, காலைதோறும் அந்த நோட்டைத் திறந்து, மருத்துவமனைப் பட்டியலோடு அவன் பெயரை அந்த வயதான கன்னியாஸ்திரி ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.