வேக்குவம் போட எது: பழைய கம்ப்ரசரா, தனிப் பம்ப்பா?

பாளையங்கோட்டையில் ஃபிரிட்ஜ், கூலர் வேலை பார்க்கிறேன். கேஸ் ஏற்றுவதற்கு முன் பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்து வெளியேற்றுவதுதான் வேக்குவம் போடுவது. பதினோரு வருடம் எனக்கு வேக்குவம் இழுத்துக் கொடுத்தது பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய ஒரு ஃபிரிட்ஜ் கம்ப்ரசர். சக்ஷன் (உறிஞ்சும்) குழாயில் ஒரு ஹோஸ், மூன்று முழம் வயர், ஒரு பிளக், அவ்வளவுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் இரண்டு கட்டமாக இழுக்கும் டூ ஸ்டேஜ் வேக்குவம் பம்ப் வாங்கினேன். அதிலிருந்து கூட வேலை பார்க்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: “சும்மா கிடக்கிற கம்ப்ரசர் இழுக்காததையா இது இழுத்துரப் போவுது?”

விலை, கனம், பைக்கில் வைத்துத் தூக்கிப் போகும் வசதி என்று பார்த்தால் பழைய கம்ப்ரசர்தான் ஜெயிக்கும். ஃபிரிட்ஜின் சொந்தக் கம்ப்ரசரையே ஓடவிட்டு அதன் காற்றை அதுவே வெளியே தள்ளட்டும் என்று விடுகிறவர்களும் உண்டு. ஆர்600ஏ என்ற ஐசோபியூட்டேன் கேஸ் ஃபிரிட்ஜில் வந்த பிறகு அதைச் செய்யவே கூடாது. அது எரியும் கேஸ். காற்றில் 2 சதவீதத்துக்கும் குறைவாகக் கலந்தாலே தீப்பிடிக்கும். மீதிக் கேஸும் காற்றும் கலந்ததைச் சூடான கம்ப்ரசரில் போட்டு அமுக்குவது வேலையே இல்லை.

சரி, இழுக்கும் ஆழத்துக்கு வருவோம். சாதாரணக் கேஜில் முள் 29 அங்குலப் பாதரச வேக்குவம் காட்டினால் மனசு நிறைந்துவிடும். ஆனால் அப்போதும் உள்ளே 23 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்தம் மீதி இருக்கிறது, அதாவது 23,000 மைக்ரான். அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிப்பது சுமார் 25 டிகிரியில். நாங்குநேரி வெயிலில் சுட்டுக் கிடக்கிற பைப்பில் ஈரம் ஆவியாகிப் போய்விடும். குற்றாலத்தில் சாரல் விழும் ஆடி மாதத்தில் பைப்பே குளிர்ந்து கிடக்கும், ஈரம் அப்படியே தங்கிவிடும். அப்புறம் கேபிலரி என்ற மெல்லிய குழாயின் முனையில் ஐஸ் கட்டும். அரை நாள் கூலிங் வரும், நிற்கும். ஆஃப் செய்து போட்டால் திரும்ப வரும். தென்காசிப் பக்கம் இப்படி ஒரே கூலருக்கு மூன்று தடவை போயிருக்கிறேன். பம்ப்பில் 500 மைக்ரானுக்குக் கீழே போக முடிகிறது, அந்தத் தொல்லை விட்டது.

ஆனால் நான் மாறியதற்கு முதல் காரணம் ஆழம் இல்லை. மோட்டார் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான்.

வேக்குவம் பம்ப்பில் மோட்டார் வெளியே, காற்றில் நிற்கிறது. பின்னால் விசிறி சுற்றுகிறது. சீல்டு கம்ப்ரசரில் வைண்டிங், அதாவது மோட்டாரின் கம்பிச் சுருள், மூடிய இரும்புக் கூட்டுக்குள்ளே, நாம் இழுக்கிற அதே வேக்குவத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. சாதாரண ஓட்டத்தில் அதைக் குளிர்விப்பது திரும்பி வரும் சக்ஷன் கேஸ். வேக்குவத்தில் அந்தக் கேஸ் ஏது? சூடு வைண்டிங்கிலேயே நிற்கும். வெளியே கூட்டின் மேல் ஒட்டியிருக்கிற ஓவர்லோடு என்ற காப்பு ஸ்விட்சுக்கு அந்தச் சூடு தாமதமாகத்தான் தெரியும். ஒவ்வொரு தடவையும் இன்சுலேஷன் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகும். ஒருநாள் வைண்டிங் இரும்புக் கூட்டைத் தொட்டுவிட்டால் கூடு முழுக்க 230 வோல்ட். எர்த் இல்லாத இரண்டு பின் பிளக், சாரலில் நனைந்த திண்ணை, வெறுங்கால். இத்தனை வருடம் அப்படித்தான் வேலை பார்த்திருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் நடுங்குகிறது.

இரண்டாவது ஆபத்து பொறி. சாதாரணக் காற்றில் 1 மில்லிமீட்டர் இடைவெளியை மின்சாரம் தாண்ட ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். காற்றை இழுக்க இழுக்க அந்தத் தேவை ஓர் அளவு வரை குறைந்துகொண்டே வரும். 1889-இல் பாஷன் என்ற ஜெர்மானியர் இதை அளந்து காட்டினார். காற்றுக்கு அது இறங்கும் அடிமட்டம் சுமார் 327 வோல்ட். நம் வீட்டு 230 வோல்ட்டின் உச்சியே 325. கெபாசிட்டர் போட்ட மோட்டாரில் ஸ்டார்ட் வைண்டிங் பக்கம் அதைவிடக் கூடுதலாக ஏறும். ஓடும் மோட்டாரை நிறுத்தும் நொடியிலும் வோல்ட்டில் ஒரு துள்ளல் வரும். ஆக, வேக்குவத்தில் இருக்கும் கம்ப்ரசருக்குக் கரண்ட் கொடுத்தால் உள்ளே பொறி தாவலாம். இன்சுலேஷன் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரை வேக்குவத்தில் இருக்கும் கம்ப்ரசரில் வைத்துப் பார்ப்பதும் இதே காரணத்தால்தான் தவறு.

இதில் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். பழைய கம்ப்ரசர் அவ்வளவு ஆழம் இழுக்காது. அதனால் அதைக் கொல்வது பெரும்பாலும் சூடுதான், பொறி இல்லை. பொறிக்கு ஏற்ற ஆழத்தைக் கொண்டு வருவது நல்ல பம்ப்தான். பம்ப் வாங்கிய புதிதில் அம்பாசமுத்திரத்தில் ஒரு கடையில் பாட்டில் கூலருக்கு வேக்குவம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். கூலரின் பிளக்கைக் கழற்றி வைத்தேனே தவிர, யாரிடமும் சொல்லவில்லை. “லைட் எரியலியேன்னு மாட்டினேன் தம்பி” என்றார் கடை அண்ணாச்சி. டக் என்று ஒரு சத்தம், எம்சிபி விழுந்தது. மல்டிமீட்டரில் மூன்று டெர்மினலும் இரும்புக் கூட்டோடு பேசின, அதாவது ஷார்ட். பிற்பாடு அந்தக் கம்ப்ரசரை அறுத்துப் பார்த்தேன். கரண்ட் உள்ளே போகும் மூன்று பின்களில் இரண்டுக்கு நடுவே, கண்ணாடி மணியின் மேல், பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கருப்புக் கோடு. புதுக் கம்ப்ரசர் என் கைக்காசில் போட்டுக் கொடுத்தேன்.

ஆகவே பம்ப் வாங்கினால் கவலை தீர்ந்தது என்று இல்லை. அதன் ஆயிலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரம் குடித்தால் பால் போல வெளுத்துவிடும், அப்புறம் ஆழம் இறங்காது. வால்வை மூடாமல் நிறுத்தினால் ஆயில் பின்னால் ஏறலாம். சீல்கள் எத்தனை வருடம் தாங்கும் என்பதற்கு என் இரண்டு வருட அனுபவம் பத்தாது. இன்வெர்ட்டர் கம்ப்ரசர்களும் என் கையில் குறைவாகத்தான் வந்திருக்கின்றன.

ஒரு குழப்பம் மட்டும் வேண்டாம். ஆர்600ஏ ஃபிரிட்ஜ் ஓடும்போது கேஜ் முள் பூஜ்யத்துக்குக் கீழே நிற்பது அதன் இயல்பு. அங்கே கேஸ் ஓடிக்கொண்டிருக்கிறது, வைண்டிங் குளிர்கிறது. நான் சொல்வது கேஸே இல்லாத வெறும் கூட்டை.

இப்போது பம்ப்பை வைத்ததும் ஃபிரிட்ஜ் பிளக்கைக் கழற்றி, வயரைச் சுருட்டி, என் டூல் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிடுகிறேன். கேஸை எடை பார்த்து உள்ளே விட்ட பிறகுதான் பை திறக்கும்.