ஷேன் சொன்னதில் என்ன தப்பு? – ‘தி வாக்கிங் டெட்’ இரண்டாவது சீசன்

‘தி வாக்கிங் டெட்’ என்ற அமெரிக்க ஜாம்பித் தொடரைப் பார்த்த யாரிடமாவது இரண்டாவது சீசனைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “அந்தப் பண்ணை சீசனா? செம இழுவைப்பா.” இழுவைதான், மறுக்கவில்லை. முதல் சீசன் ஆறே எபிசோடில் அட்லாண்டாவைச் சுடுகாடாக்கிவிட்டுப் பரபரவென்று முடிந்தது. இது 13 எபிசோட், அக்டோபர் 2011இல் ஆரம்பித்து, நடுவில் இரண்டரை மாதம் இடைவெளி விட்டு, மார்ச் 2012இல் முடிந்தது, அதில் முக்கால்வாசி ஒரே பண்ணை வீட்டு வாசலில் நின்றபடி பேசிக்கொண்டே போகிறது. ஆனாலும் 2022 வரை 11 சீசன் ஓடிய இந்தத் தொடரில் எதையாவது திரும்பப் பார்க்கலாம் என்று தோன்றினால் நான் போவது இதற்குத்தான், காரணம் ஷேன். முழுக்கதையையும் போட்டு உடைத்துத்தான் பேசப் போகிறேன், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கதை சுருக்கமாக: போலீஸ்காரர் ரிக், அவர் மனைவி லோரி, மகன் கார்ல், ரிக்கின் உயிர் நண்பன் ஷேன், இன்னும் சிலர் என்று ஒரு கூட்டம் அட்லாண்டாவை விட்டுக் கிளம்பி ஃபோர்ட் பென்னிங் ராணுவ முகாமுக்குப் போகிறது. வழியில் நெடுஞ்சாலை முழுக்கக் கைவிடப்பட்ட கார்கள், உள்ளே காய்ந்துபோன பிணங்கள். டேல் கிழவரின் பழைய வேன் வீடும் அங்கேயே ரேடியேட்டர் ஹோஸ் போய் நின்றுவிடுகிறது. இவர்கள் தண்ணீர் கேனையும் துணியையும் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது ஜாம்பிக் கூட்டம் ஒன்று மந்தையாக வருகிறது. எல்லாரும் கார்களுக்கு அடியில் படுத்துக்கொள்ள, கேமராவும் கூடவே தரையோடு படுத்துக்கொள்கிறது, நமக்குத் தெரிவது கால்கள் மட்டும்தான், இழுத்து இழுத்து நடக்கிற கால்கள், ஒன்றில் ஷூ இருக்கும் இன்னொன்றில் இருக்காது. கடைசிக் கால் போய்விட்டது என்று நினைத்துக் கேரலின் மகள் சோஃபியா வெளியே வர, இரண்டு ஜாம்பிகள் பார்த்துவிடுகின்றன, அவள் காட்டுக்குள் ஓடிவிடுகிறாள். ரிக் பின்னால் ஓடிப்போய் அவளை ஓடைக்கரையில் ஒளித்துவைத்துவிட்டு ஜாம்பிகளைத் திசைதிருப்பப் போகிறார். திரும்பி வந்தால் பிள்ளையைக் காணோம்.

அவ்வளவுதான், அந்தப் பிள்ளையைத் தேடுவதுதான் பாதி சீசன். தேடுகிற வழியில் கார்ல் ஒரு மானைப் பார்த்து மெய்மறந்து நிற்க, மானைச் சுட்ட ஓட்டிஸ் என்பவனின் குண்டு மானைத் துளைத்துக்கொண்டு பையன் வயிற்றில் இறங்குகிறது. ஓட்டிஸ் தன் முதலாளி ஹெர்ஷலின் பண்ணைக்குக் கூட்டிப்போகிறான், டாக்டர் என்று பார்த்தால் ஹெர்ஷல் மாட்டு டாக்டர். ஆக மொத்தக் கூட்டமும் அந்தப் பண்ணையில் வந்து டேரா போடுகிறது.

இந்தப் பாதியில் அலுப்பு வருவது இயல்பு. காலையில் வரைபடத்தைக் கார் பானட்டில் விரித்துவைத்து யார் எந்தப் பக்கம் தேடுவது என்று பேசுவார்கள், சாயங்காலம் வெறுங்கையோடு வருவார்கள், ராத்திரி யாராவது இரண்டு பேர் தனியாக நின்று நம்பிக்கை, கடவுள் என்று பேசுவார்கள், மறுநாள் அதே வரைபடம். படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, 2011 ஜூலையில், தொடரை உருவாக்கிய ஃபிராங்க் டாரபான்ட்டை அதை ஒளிபரப்பிய ஏஎம்சி சேனல் நீக்கிவிட்டு க்ளென் மஸாராவிடம் பொறுப்பைக் கொடுத்தது. அந்தச் சண்டை கோர்ட் வரை போய் 2021இல் 20 கோடி டாலர் கொடுத்துச் சமரசமானது. திரைக்குப் பின்னால் இவ்வளவு நடந்தபோது திரையில் கொஞ்சம் தடுமாற்றம் தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கிணற்றுக்குள் விழுந்து ஊறிப்போன ஜாம்பியை, கூட்டத்து இளைஞன் கிளென்னைத் தூண்டில் புழு மாதிரி கயிற்றில் கட்டி இறக்கித் தூக்குகிறார்களே, அது அருவருப்பான, ரசிக்கத்தக்க காட்சிதான், ஆனால் அந்த ஜாம்பி பாதியாகப் பிய்ந்து கிணற்றிலேயே விழுந்ததும் பட்ட பாடெல்லாம் வீண், கதையும் ஓரடி நகரவில்லை. டி-டாக் என்று ஒருவர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார் என்பதே பல எபிசோடில் மறந்துபோகும், எழுதியவர்களுக்கும் மறந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

சரி, ஷேனுக்கு வருவோம். மூன்றாவது எபிசோட் ஒரு குளியலறையில் ஆரம்பிக்கிறது. ஆவி படிந்த கண்ணாடி, ஷேன் மிஷினை வைத்துத் தலையை ஒட்ட வழித்துக்கொள்கிறான், ஏன் என்று தெரியாது. எபிசோட் முடியும்போதுதான் தெரியும். கார்லின் ஆபரேஷனுக்கு வேண்டிய சாமான் எடுக்க ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போன ஷேனும் ஓட்டிஸும் ஜாம்பிகளிடம் சிக்கிக்கொள்கிறார்கள், இரண்டு பேருமே நொண்டுகிறார்கள், துப்பாக்கியில் ஆளுக்கு ஒரு குண்டு மிச்சம். ஷேன் ஓட்டிஸின் காலில் சுட்டு அவனை ஜாம்பிகளுக்குப் போட்டுவிட்டு மூட்டையோடு ஓடி வருகிறான். அந்தக் கைகலப்பில் ஓட்டிஸ் அவன் முடியைக் கொத்தாகப் பிடுங்கிவிட்டான், அந்தப் புண் வெளியே தெரியக்கூடாது என்றுதான் மொட்டை. அதற்கப்புறம் சீசன் முழுக்க ஷேனாக நடித்த ஜான் பெர்ந்தால் அந்தத் தலையைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார், கவனித்துப் பாருங்கள், பொய் சொல்லும்போது, கோபம் வரும்போது, லோரி எதிரில் வந்து நிற்கும்போது கை தானாக மண்டைக்குப் போகும். யாரும் வசனத்தில் சொல்வதில்லை, ஆனால் அந்தக் கை போகும் ஒவ்வொரு தடவையும் ஓட்டிஸ் ஞாபகம் வந்துவிடுகிறது.

இதில் சங்கடம் என்னவென்றால், ஓட்டிஸை விட்டுவிட்டு வந்ததால்தான் கார்ல் பிழைத்தான். அதன் பிறகும் ஷேன் சொல்கிற ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். சோஃபியாவைத் தேடுவது வீண், இத்தனை நாள் கழித்து உயிரோடு கிடைக்க வாய்ப்பில்லை என்கிறான், அப்படியே ஆனது. ஹெர்ஷல் தன் பண்ணைக் கொட்டகைக்குள் ஜாம்பிகளைப் பூட்டி வைத்திருப்பது தெரிந்ததும், அவற்றை வைத்துக்கொண்டு பக்கத்தில் தூங்கக்கூடாது என்கிறான், அறிவுள்ளவன் வேறு என்ன சொல்வான்? எதிர்க்கூட்டத்துப் பையன் ராண்டலைப் பிடித்து வந்து கட்டிப்போட்டபோது, இவனை விட்டால் கூட்டத்தோடு திரும்பி வருவான், வைத்திருந்தாலும் ஆபத்து என்கிறான், இதற்கும் பதில் யாரிடமும் இல்லை. ரிக் ஒவ்வொன்றுக்கும் தயங்குகிறார், பேசிப் பார்க்கலாம் என்கிறார், ஹெர்ஷலிடம் கெஞ்சுகிறார். நமக்குப் பிடித்தவர் ரிக், ஆனால் நம் குழந்தையை யாருடைய காவலில் விடுவோம் என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமாக வராது.

எழுத்தாளர்கள் மேல் எனக்குள்ள கோபமும் இங்கேதான். இவ்வளவு வலுவான ஒரு வாதத்தை ஒருவன் வாயில் கொடுத்துவிட்டு, அதற்குப் பதில் சொல்லும் கஷ்டமே வேண்டாம் என்று அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிறுக்கனாக்கிவிட்டார்கள். லோரி மேல் உள்ள வெறி, ரிக்கின் இடத்தைப் பிடிக்கும் ஆசை, கண்ணை உருட்டுவது, மரத்தில் தானே மூக்கை மோதிக்கொண்டு ராண்டல் அடித்தான் என்று கதை கட்டுவது... கடைசியில் அவன் சாகும்போது ‘நல்லவேளை, தொலைந்தான்’ என்று நமக்குத் தோன்ற வேண்டும், அவன் சொன்னது சரியா தப்பா என்ற கேள்வி அந்த நிம்மதியில் அமுங்கிப்போக வேண்டும். இது ஏமாற்று வேலை. ராபர்ட் கிர்க்மனின் மூலக் காமிக்ஸில் ஷேன் கதையின் ஆரம்பத்திலேயே செத்துவிடுகிறான், கார்ல் சுடுகிறான். தொலைக்காட்சியில் அவனை இரண்டு சீசன் உயிரோடு வைத்தது ரொம்ப நல்ல முடிவு, அவ்வளவு தூரம் கொண்டுவந்ததை இன்னும் நேர்மையாக முடித்திருக்கலாம்.

ஏழாவது எபிசோட். சீசனில் ஒன்றே ஒன்று பார்க்க நேரம் இருந்தால் இதைச் சொல்வேன், ஆனால் முந்தைய ஆறையும் பொறுமையாகப் பார்த்தவர்களுக்குத்தான் இது முழுசாக வேலை செய்யும். ஹெர்ஷலைப் பொறுத்தவரை கொட்டகையில் இருப்பவர்கள் நோயாளிகள், என்றாவது மருந்து வரும், அதுவரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். உள்ளே அவர் மனைவி இருக்கிறாள், மனைவியின் மகன் இருக்கிறான், அக்கம்பக்கத்தார் இருக்கிறார்கள். கோழிகளின் காலை ஒடித்து மேலேயிருந்து உள்ளே போடும் காட்சி முந்தைய எபிசோடிலேயே வரும், அதைச் செய்யும் ஓட்டிஸின் மனைவி பாட்ரிஷியாவின் முகத்தில் தினசரி வேலை செய்யும் சலிப்பைத் தவிர ஒன்றும் இருக்காது. ஹெர்ஷலும் ரிக்கும் கழியின் நுனியில் சுருக்குப் போட்டு, வெறிநாய் பிடிப்பது போல, இரண்டு ஜாம்பிகளைச் சதுப்பிலிருந்து நடத்திக்கொண்டு வரும்போது ஷேன் வெடிக்கிறான். அதில் ஒன்றின் மார்பில் சுட்டு, உயிருள்ள ஆளாக இருந்தால் இன்னும் நடக்குமா என்று கத்துகிறான், மறுபடி சுடுகிறான், அது நடந்துகொண்டே இருக்கிறது. அப்புறம் கொட்டகைப் பூட்டை உடைக்கிறான். வரிசையாக வெளியே வரும் ஒவ்வொன்றையும் இவர்கள் சுட்டுத்தள்ள, ஹெர்ஷல் முட்டி போட்டபடி தன் குடும்பம் விழுவதைப் பார்க்கிறார்.

எல்லாம் முடிந்தது என்று துப்பாக்கி தணிந்த பிறகு உள்ளேயிருந்து இன்னும் ஒரு உறுமல், சின்ன உறுமல். முதலில் ஷூ, அப்புறம் அந்த டி-ஷர்ட், கழுத்தோரம் கடித்த காயம். சோஃபியா. ஆறு எபிசோடாகக் காடெல்லாம் தேடிய பிள்ளை கூடாரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கிறாள். அதுவரை தாராளமாகச் சுட்ட அத்தனை பேரும் சிலையாக நிற்கிறார்கள், ஷேன் உட்பட. கேரல் ஓடப்பார்க்கிறாள், கூட்டத்து வேட்டைக்காரன் டேரில் பிடித்துக்கொள்கிறான். யாரும் அசையாத அந்த இடத்தில் ரிக் முன்னால் நடந்துவந்து துப்பாக்கியை நீட்டுகிறார். அந்த ஒரு காட்சியில் யார் தலைவன் என்று முடிவாகிவிட்டது, வாய் கிழியப் பேசிய ஷேனால் செய்ய முடியாததை ரிக் செய்தார். ஷேனுக்குப் பதில் சொன்ன ஒரே இடம் இதுதான், அதுவும் வசனமே இல்லாமல். காமிக்ஸில் சோஃபியா சாகவில்லை என்பதால் புத்தகம் படித்துவிட்டு வந்தவர்களும் இதை எதிர்பார்த்திருக்க முடியாது.

அடுத்த எபிசோடில் ஹெர்ஷல் பக்கத்து ஊர்ப் பாரில் போய் உட்கார்ந்துவிடுகிறார், ரிக்கும் கிளென்னும் தேடிப்போகிறார்கள், அங்கே இரண்டு அந்நியர்கள் சிரித்துக்கொண்டே நுழைகிறார்கள். தங்க இடம் இருக்கிறதா என்று சிநேகமாகப் பேசப்பேச அறையின் சூடு ஏறுவதும், ஒருவன் கை துப்பாக்கிக்குப் போவதும், ரிக் முந்திக்கொள்வதும், ஜாம்பி ஒன்றுகூட இல்லாத இந்தக் காட்சி மொத்த சீசனிலேயே எனக்கு அதிகம் பயம் காட்டியது. ஹெர்ஷலாக நடித்த ஸ்காட் வில்சன் 2018இல் காலமானார், இந்தப் பாரில் கிளாஸை வெறித்துக்கொண்டு, மனைவியை என்னவாக நினைத்துச் சோறு போட்டோம் என்று உடைகிற இடத்தைப் பார்த்தால் அவர் எப்பேர்ப்பட்ட நடிகர் என்று தெரியும்.

பெண்களை எழுதிய விதம் மட்டும் இன்றைக்குப் பார்த்தாலும் எரிச்சல். ஆண்கள் காவல், பெண்கள் துணி துவைத்தல். துப்பாக்கி பிடிக்கப் பழகும் ஆண்ட்ரியாவை, வீட்டு வேலையில் பங்கு எடுக்கவில்லை என்று லோரி திட்டுகிறாள். அதே லோரி யாரிடமும் சொல்லாமல் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போய் ஆளில்லாத ரோட்டில் கவிழ்க்கிறாள், கதைக்கு ஒரு நெருக்கடி வேண்டும், அதற்கு அவள் புத்தியைக் கழற்றி வைத்துவிட்டார்கள். கேரலும் டேரிலும் பேசும் இடங்கள்தான் ஆறுதல். பீர் பாட்டிலில் ஒரு வெள்ளைப் பூவைச் செருகி வந்து கொடுத்து, பிள்ளைகளை இழந்த செரோக்கி பழங்குடித் தாய்மார்களின் கண்ணீர் விழுந்த இடத்தில் முளைத்த பூ இது என்று டேரில் கதை சொல்கிறானே, காமிக்ஸிலேயே இல்லாத இந்த டேரில் எப்படி எல்லாருக்கும் செல்லப்பிள்ளை ஆனான் என்பது அங்கே புரியும்.

ராண்டலைக் கொல்லக்கூடாது என்று டேல் ஒவ்வொருவரிடமும் போய் மன்றாடும் 11ஆவது எபிசோட் நன்றாக இருந்தது, அவர் சாவு அவசரமாகத் தோன்றியது. டாரபான்ட்டை நீக்கிய கோபத்தில் தானே கேட்டு விலகியதாக அந்த நடிகர் ஜெஃப்ரி டிமன் பிறகு சொன்னார், அது தெரிந்தபின் அந்த அவசரத்தின் காரணம் விளங்கியது. அடுத்து நிலா வெளிச்சத்தில் வயல் நடுவே ரிக்கும் ஷேனும். துப்பாக்கியைத் தந்துவிடுவது போல நீட்டிக்கொண்டே ரிக் கத்தியை இறக்குகிறார். ஜாம்பி கடிக்காமலேயே ஷேன் எழுந்து நிற்கிறான், கார்ல் சுடுகிறான். எல்லாருக்குள்ளும் கிருமி இருக்கிறது, எப்படிச் செத்தாலும் எழுந்துவிடுவோம் என்பது இதற்கு முன்பே ரிக்குக்குத் தெரியும், முதல் சீசன் முடிவில் விஞ்ஞானி ஜென்னர் காதில் சொன்னது அதைத்தான்.

கடைசி எபிசோடில் பண்ணை எரிகிறது, மந்தை எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு வருகிறது, பரபரப்புக்குக் குறையே இல்லை. ஹெர்ஷல் கையில் உள்ள துப்பாக்கியில் குண்டு மட்டும் தீரவே தீராது, தோட்டா போடாமல் மனுஷன் சுட்டுக்கொண்டே இருக்கிறார், சிரித்துவிட்டேன். தப்பித்தவர்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து முணுமுணுக்க, இனிமேல் இங்கே ஜனநாயகம் கிடையாது, இருந்தால் என் சொல்படி இருங்கள், இல்லை போங்கள் என்கிறார் ரிக். ஷேன் பேசியிருக்க வேண்டிய வசனம், கொன்றவன் வாயிலிருந்து வருகிறது. பின்னணியில் தூரத்துச் சிறைச்சாலையைக் காட்டி அடுத்த சீசனுக்கு விளம்பரம் செய்யாமல் லோரியின் முகத்தில் முடித்திருக்கலாம்.

பார்க்கப் போகிறவர்கள் நான்கு, ஐந்து, ஆறை வேறு வேலை செய்துகொண்டே பார்க்கலாம், கோழி, பூ, கிணறு வரும்போது மட்டும் நிமிர்ந்தால் போதும். ஏழிலிருந்து போனைத் தள்ளி வைத்துவிடுங்கள். ரத்தம் வேண்டும், பக்கத்துக்குப் பக்கம் ஜாம்பி வேண்டும் என்பவர்கள் நேராக மூன்றாவது சீசனுக்குப் போய்விடலாம், அங்கே சிறையில் முதல் எபிசோடிலிருந்தே வெட்டுக்குத்துதான்.