ஐப்பசியில் எந்த மலை? வட சென்னைக்காரருக்கு ஓர் ஒப்பீடு

ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்ததும் வட சென்னையில் மலை ஆசை தொற்றிக்கொள்கிறது. தண்டையார்பேட்டையும் வியாசர்பாடியும் சமதரை. மேம்பாலம்தான் நமக்குக் குன்று. அருவியில் தண்ணீர் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் போதும், மறுநாள் விடியற்காலையில் வண்டி கிளம்பிவிடுகிறது. அருவியின் உயரத்தைக் கேட்கிறார்கள், குளிக்க இடம் உண்டா என்று கேட்கிறார்கள். ஏறும் வழி ஓடைக்குள்ளேயே போகிறதா, மலைச் சரிவின் மேல் போகிறதா என்று கேட்பவர்கள் குறைவு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் என்னுடைய முதல் கேள்வி அதுதான்.

வெளிநாட்டுப் படங்களில் வரும் சிவந்த இலைகளை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். ஆந்திர எல்லையைத் தாண்டி விரியும் சேஷாசலக் காட்டில் இலை உதிர்வது வறண்ட மாதங்களில்தான். ஐப்பசி, கார்த்திகையில் செம்மரம் உட்பட எல்லாம் பச்சை. இந்த மலைகளில்தான் 1989-இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. 2010-இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது.

நம் பக்கத்து இளைஞர்களின் முதல் தேர்வு தடா அருவி, அதாவது உப்பலமடுகு. காரணம் எளிது: திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ சூலூர்பேட்டை மின்சார ரயிலில் ஏறினால் தடாவில் இறங்கிவிடலாம். ஆனால் ஸ்டேஷனிலிருந்து அருவி வெகு தூரம். வரதய்யபாளையம் வழியாகப் போக வண்டி வேண்டும். இரண்டாவது தேர்வு நாகலாபுரம். செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி என்று பைக்கில் போக அருமையான சாலை.

இரண்டிலும் நடை என்பது ஓடையைப் பிடித்துக்கொண்டு பாறை பாறையாகத் தாவுவதுதான். கோடையில் அது சுகம். அடைமழைக் காலத்தில், தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேல்மலையில் பெய்த மழை திடீரென்று இறங்கிவரும். வழுக்குப் பாறை, ஆழம் தெரியாத மடு, கைப்பேசிக்கு சிக்னல் இல்லை. இந்த மடுக்களில் சென்னைப் பிள்ளைகள் மூழ்கி இறந்த செய்திகள் நமக்குப் புதியவை அல்ல. பிச்சாட்டூரில் ஆரணி ஆற்று அணையைத் திறக்கிறார்கள் என்று செய்தி வந்தால், நாகலாபுரத்தை அன்றே மறந்துவிடுங்கள். அந்த மலைத் தண்ணீரும் ஆரணி ஆற்றுக்குத்தான் வருகிறது. மணலி புதுநகர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. நகரி மலைப் பக்கம் கொட்டினால் கொசஸ்தலை வழியாகப் பூண்டி நிரம்பும், பூண்டியைத் திறந்தால் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பதை 2021-இல் நேரிலேயே பார்த்தவர்கள் அவர்கள்.

அப்படியானால் படிக்கட்டுப் பாதைகள். கோயிலுக்குப் போகும் வழியை மலையேற்றத்தில் சேர்க்கலாமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படி. ஏறிப் பார்த்துவிட்டுச் சுளிக்கட்டும். தூரம் சுமார் ஒன்பது கிலோமீட்டர். காலி கோபுரம் வரை மூச்சு வாங்கும், பிறகு வெகுதூரம் கிட்டத்தட்ட சமநடை, கடைசியில் ‘மோகாள்ள மெட்டு’ வந்து முழங்காலைச் சோதிக்கும். பெரும்பகுதிக்குக் கூரை உண்டு என்பதால் மழைக்கு இதைவிட வசதியான மலைப்பாதை நமக்கு அருகில் இல்லை. குறை கூட்டம்தான். அதிலும் புரட்டாசியில், யானைகவுனியைத் தாண்டித் திருக்குடைகள் புறப்படும் நாட்களில், காட்டைப் பார்க்கப் போகிறேன் என்று அங்கே போவதில் பொருளில்லை. ஐப்பசி பாதிக்கு மேல் நெரிசல் கொஞ்சம் தணியும்.

திருமலைக்கே ஏறும் இன்னொரு படிப்பாதையான ஸ்ரீவாரி மெட்டு இதற்கு நேர் எதிர். சந்திரகிரிப் பக்கம் ஸ்ரீனிவாச மங்காபுரத்தை அடுத்துத் தொடங்குகிறது. சுமார் 2,400 படி, தூரம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். படி குறைவு என்று ஏமாற வேண்டாம். அலிபிரியில் ஒன்பது கிலோமீட்டரில் ஏறும் உயரத்தை இங்கே இரண்டில் ஏறுகிறீர்கள். காடு நெருக்கம், ஆள் குறைவு, கண்ணுக்கு அலிபிரியைவிட நிறைவு. எனக்குப் பிடித்தது இதுதான். ஆனாலும் படிக்கட்டு என்பதால் வெள்ளம் தொடாது என்று நினைக்க முடியாது. 2021 நவம்பர் மழையில் பாதை உடைந்து, அடுத்த ஆண்டு மே மாதம்தான் மீண்டும் திறந்தார்கள்.

இரண்டுக்கும் பொதுவான எச்சரிக்கை சிறுத்தை. 2023 ஆகஸ்டில் அலிபிரிப் பாதையில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதன்பின் பிற்பகலில் சிறுவர்களை அனுமதிப்பதில் கட்டுப்பாடு வந்தது. பிள்ளைகளோடு போகிறவர்கள் காலையிலேயே ஏறிவிட வேண்டும். கும்பலை விட்டு அவர்களை முன்னே ஓட விடக் கூடாது. போக்குவரத்தில் நமக்கு ஒரு சலுகை உண்டு: சென்ட்ரலிலிருந்து காலையில் கிளம்பும் சப்தகிரி எக்ஸ்பிரஸ் பெரம்பூரிலும் நிற்கிறது. ஆனால் அது முற்பகலில்தான் திருப்பதி சேரும் என்பதால், பிள்ளைகளோடு போனால் முந்தைய இரவே போய்த் தங்குவது நல்லது.

வயதான பெற்றோரையும் அழைத்துப்போக வேண்டுமென்றால் பூண்டியை அடுத்த குடியம் குகைகள். ஏற்றம் அதிகமில்லை, ஆதிமனிதன் ஒதுங்கிய பாறைக் குடைவுகள், திரும்பும் வழியில் பூண்டி அருங்காட்சியகத்தில் கற்கருவிகள். 2024-இல் தமிழ்நாடு வனத்துறை தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளில் இதுவும் ஒன்று என்பதால் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம். மலையேறிய திருப்தி மட்டும் கிடைக்காது.

மிச்சம் இருப்பது தலக்கோனா. தேசியப் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் 270 அடி அருவி. அடிவாரத்தில் சித்தேஸ்வரர் கோயில், காட்டின் உச்சிக்கிளைகளுக்கு இடையே கயிற்றுப் பாலம். இந்தப் பட்டியலில் அழகு என்று பார்த்தால் போட்டியே இல்லை. சிக்கல் என்னவென்றால், திருப்பதியிலிருந்து பாக்கராபேட்டை வழியாக மேலும் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாத பயணம். பஸ் குறைவு, வட சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்வந்தால் உடம்பு தாங்காது. கனமழை அறிவிப்பு இருக்கும் வாரத்தில் அருவிப் பக்கம் போக விடமாட்டார்கள்; விட்டாலும் போகக் கூடாது. புயல் காலம் அடங்கி, அருவியில் இன்னும் தண்ணீர் இருக்கும் மார்கழியில் இரண்டு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் காலையில் ஸ்ரீவாரி மெட்டு, இரவு திருப்பதியில் தங்கல், மறுநாள் விடியலில் வாடகை வண்டி பிடித்துத் தலக்கோனா. ஓட்டுநரிடம் திரும்பும் நேரத்தை முதலிலேயே பேசிவிடுங்கள். அந்தக் காட்டுச் சாலையில் இருட்டிய பிறகு வண்டி ஓட்ட யாரும் விரும்புவதில்லை.