புட்டிங் டர்ஃப் என்று சொல்லி மொட்டைமாடிப் புல்லை ஒட்டிவிட்டுப் போனார்கள்

வீட்டுக்குள் கோல்ஃப் புட்டிங் (பந்தைத் தரையோடு மெல்ல உருட்டிக் குழியில் விழ வைப்பது) பழகச் செயற்கைப் புல் போட நினைக்கும் புதுச்சேரி, கடலூர்க்காரர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குக் காட்டியது ஒரு புல், ஒட்டியது வேறு புல். பணத்தையும் திருப்பித் தர மறுக்கிறார்கள்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறேன். கோல்ஃப் ஆட சென்னைக்குத்தான் போகிறேன், எப்போதாவது. ஆனால் புட்டிங்குக்கு மைதானம் வேண்டியதில்லை. 18 குழிகளையும் 72 அடியில் முடிக்க வேண்டும் என்பதுதான் ‘பார் 72’, குழிக்கு இரண்டு புட் என்று வைத்துத்தான் அந்தக் கணக்கே வருகிறது. அதாவது பாதி, 36, புட்டர் என்ற மட்டையால் அடிப்பது. அந்தப் பாதியைப் பழக, ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே இருக்கும் 12 அடி நடையே போதும். அகலம் மூன்றடிதான், பரவாயில்லை. சின்ன இடம் என்றாலும் நல்ல தளமாக இருக்கட்டும் என்றுதான் செலவு செய்யத் துணிந்தேன்.

விற்பனையாளர் வீட்டுக்கே வந்து உள்ளங்கை அளவு மாதிரித் துண்டு ஒன்றைக் கொடுத்தார். இழை 12 மில்லிமீட்டர், நெருக்கமாக, விரலால் அழுத்தினால் உடனே நிமிரும். நிஜமாகவே நல்ல புல். “கோல்ஃப் கிரேடு சார், கிளப்புக்கெல்லாம் நாமதான் போடுறோம்” என்றார். வாடகை வீடு என்பதால் ஓரத்தில் மட்டும் இரட்டைப்பக்க டேப் ஒட்டச் சொன்னேன். சரி என்றார். 14,000 ரூபாய் பேசி, 9,000 முன்பணம் வாங்கிக்கொண்டார். மாதிரித் துண்டு என்னிடமே இருக்கிறது. இன்று எனக்கு இருக்கும் பெரிய சாட்சி அதுதான்.

ஆட்கள் வந்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன், வீட்டில் அம்மா மட்டும். வேலை முடிந்தது என்று மீதிப் பணத்தையும் அம்மாவிடம் கேட்டு வாங்கிவிட்டார்கள். மாலையில் வந்து பார்த்தால் நடை முழுக்க உயரமான புல். ஸ்கேல் வைத்தால் 30 மில்லிமீட்டருக்கு மேல். இழையை விரலால் விலக்கினால் அடியில் சுருள் சுருளாகப் பழுப்பு நூல். காய்ந்த புல் கலந்ததுபோல் தெரிய, பால்கனிக்கும் மொட்டைமாடிக்கும் போடும் அலங்காரப் புல்லில் வைப்பது அது. கோல்ஃப் பந்தின் விட்டமே 42.67 மில்லிமீட்டர்தான். அந்தப் புல்லில் பந்து உருளவில்லை, புதைந்து புதைந்து நகர்ந்தது. போதாக்குறைக்கு மிச்சத் துண்டுகள் இரண்டை நடுவில் இணைத்திருக்கிறார்கள். ஒன்றின் இழை வாசலைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது, மற்றது சமையலறையைப் பார்த்து. இணைப்புக்கு வந்ததும் பந்து ஒரு குதி குதித்து இடப்பக்கம் ஓடுகிறது. இதில் எதைப் பழகுவது?

கோடியில் ப்ளைவுட் மேடை செய்து வெட்டிய குழி ஆறு அங்குலம். விதிப்படி 108 மில்லிமீட்டர், நாலே கால் அங்குலம். கேட்டால், “பெருசா இருந்தா ஈஸியா விழும்ல சார்.” புல் பற்றிக் கேட்டதற்கு, “மிதிக்க மிதிக்கப் படிஞ்சிடும், வேணும்னா மணல் போட்டுத் தர்றேன்.” வெளியில் போடும் புட்டிங் டர்ஃபில் மணல் நிரப்புவது உண்டு, உண்மைதான். அதற்காக மாடிப் புல் கோல்ஃப் புல் ஆகிவிடாது. வீட்டு நடையில் யார் மணலைக் கொட்டுவார்கள்?

எனக்கு ஆறாத கோபம் பசை விஷயத்தில்தான். டேப் என்று ஒப்புக்கொண்டவர்கள் தரை முழுக்க ரப்பர் பசையைத் தடவியிருக்கிறார்கள். ஒரு மூலையை உரித்தேன், மொசைக்கில் கறுப்பாக அப்பிக்கொண்டு நிற்கிறது. வீட்டுக்கார அம்மா வந்து பார்த்துவிட்டு, “காலி பண்றப்போ தரை பழையபடி இருக்கணும் தம்பி, இல்லாட்டி அட்வான்ஸ்ல பிடிச்சுக்குவேன்” என்றார். அவர் சொல்வதில் தப்பே இல்லை.

ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள். வந்தது ஒரு வெள்ளைத் தாளின் படம்: ‘கிராஸ் மேட் – 1’. இழை உயரம் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, முகவரி இல்லை. இப்போது போனையும் எடுப்பதில்லை.

வாங்கப் போகிறவர்கள் உள்ளங்கைத் துண்டை நம்பாதீர்கள். பத்தடி நீளம் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். கிரீனின், அதாவது குழியைச் சுற்றியுள்ள புல்தளத்தின், வேகத்தை அளக்க ஸ்டிம்ப்மீட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது: 36 அங்குல அலுமினியச் சட்டம், ஏறத்தாழ 20 டிகிரி சாய்ந்ததும் பந்து தானாக உருண்டு இறங்கும், எத்தனை அடி ஓடுகிறதோ அதுதான் வேகம். சாதாரண கிளப் கிரீனில் எட்டு, ஒன்பது அடி ஓடும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ‘வி’ வடிவ அலுமினியச் சட்டத்தை வைத்து ஓரளவுக்குச் சோதிக்கலாம். என் வீட்டில் மூன்றடி தாண்டவில்லை. எதிர்த் திசையிலும் உருட்டிப் பாருங்கள். இழை உயரம், ஒரே துண்டா, எப்படி ஒட்டுவார்கள் என்பதெல்லாம் பில்லில் எழுத்தாக வரட்டும். புல்லைத் தரையில் வைப்பதற்கு முன் நீங்களே ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடம் அவகாசம் உண்டு, வக்கீல் கட்டாயமில்லை. மாதிரித் துண்டு, பணம் அனுப்பிய ரசீது, வாய்ஸ் மெசேஜ், ஸ்கேலோடு எடுத்த படங்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். உங்களுக்கும் இதே மாதிரி மாதிரியைக் காட்டி வேறு புல்லை ஒட்டியிருந்தால் எனக்கு எழுதுங்கள், விற்றவர் இதே ஆள்தான் என்றால் சேர்ந்தே மனு கொடுத்துவிடலாம்.