திருகோணமலைல டிக்கட், விசா, வாகனம் எல்லாம் ஒண்டா பெக்கேஜ் போட்டுத் தாறவையிட்ட கவனம், எனக்கு 1,85,000 போச்சு

திரும்பி வந்து அஞ்சு நாள்தான் ஆகுது. இப்பதான் மூண்டாவது தரமும் அந்தக் கடைக்குப் போய் வெறுங்கையோட வாறன், ஆத்திரம் அடங்க முதல் எழுதிப்போடோணும். என்னென்ன பார்க்கோணும், எப்பிடிக் காசு கட்டோணும் எண்டெல்லாம் கடைசில விளக்கமா சொல்லுறன், முதல் நடந்ததைக் கேளுங்கோ.

எங்கட அப்பா 2008ல வெளிநாடு போனவர். முதல் சவுதி, இப்ப அபுதாபியில இருந்து தெற்கால லிவா எண்ட இடத்தில பேரீச்சந்தோட்டங்களுக்கு தண்ணி பவுசர் ஓடுறார். பேர்தான் அபுதாபி, சிட்டியில இருந்து 200 கிலோமீட்டருக்கு மேல போகோணும், அதுக்கங்கால சவுதி மட்டும் மணல்தான். கடைசியா ஊருக்கு வந்து மூண்டு வருஷம், இந்த வருஷமும் லீவு இல்லையெண்டு சொல்லிப்போட்டினம். அம்மாக்கு முழங்கால் வருத்தம், பிரஷர். "நான் நடக்கக்கூடிய நேரமே ஒருக்கா போய்ப் பார்த்திட்டு வருவம் பிள்ளை" எண்டு கேட்டா. ஓகஸ்ட் பள்ளிக்கூட லீவில போவமெண்டு, அம்மா சீட்டுக் காசு எடுத்தா, நான் சங்கிலி அடகு வச்சன்.

கடை டவுனுக்க, ஆக்கள் போய்வாற ரோட்டில, ஏசி போட்ட டிராவல்ஸ். பேர் போடேல்ல, பொலிஸ்ல முறைப்பாடு போட்டிருக்கிறதால. முதலாளிக்கு நாப்பது நாப்பத்தஞ்சு வயசிருக்கும். அம்மா நொண்டி நொண்டி படி ஏறுறதைப் பார்த்து எழும்பி வந்து கதிரை இழுத்துப் போட்டு, பிளேன்டீ எடுப்பிச்சுக் குடுத்தான். அப்பா லிவாவில எண்டதும் முகமே மாறிட்டுது. "தங்கச்சி நான் நாலு வருஷம் அந்தப் பக்கம்தான் டிரைவரா இருந்தனான், என்ட அப்பா செத்ததுக்கும் என்னால வரேலாமப் போச்சு" எண்டு சொல்லி போன்ல மணல்மேட்டுப் படமெல்லாம் காட்டினான். அம்மா அழுதிட்டா. அவன் அம்மான்ட கையைப் பிடிச்சு, "அம்மா நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்கோ, உங்கள அவற்ற வாசல்லயே கொண்டுபோய் இறக்கிறது என்ட பொறுப்பு" எண்டவன். அந்த இடத்திலதான் நான் விழுந்தனான். அதுக்குப் பிறகு ஒரு கேள்வி கேக்கேல்ல நான்.

டிக்கட்டும் விசாவும் தனிக்காசு, அது ரெண்டும் சரியா வந்துது. அதாலதான் மிச்சத்தையும் நம்பினது. மிச்சமெண்டா அபுதாபியில இருந்து லிவாக்கு போகவர ஃபோர் வீல் வாகனம், அங்க ஒரு இரவு ரூம், அடுத்தநாள் அப்பாவையும் ஏத்திக்கொண்டு மோரீப் மணல்மலைக்கு ஒரு சுத்து, பிறகு எயார்போர்ட்டில விடுறது. அந்த மலை முந்நூறு மீட்டராம், எங்கட கோணேசர் மலையை விட உயரம் எண்டு அப்பா எத்தினையோ வருஷமா போன்ல சொல்லிச் சொல்லி அம்மாக்கு அதைப் பார்க்கிற ஆசை. இதுக்குத்தான் 1,85,000. பாங்கில போடுறன் எண்டன், "அங்கத்தைய டிரைவருக்கு இண்டைக்கே அனுப்போணும், கேஷா தாங்கோ" எண்டான். குடுத்தன்.

ஊர்ல இருந்து இரவு பஸ், கட்டுநாயக்கா, பிளேன், பிறகு சார்ஜாவில மச்சாள் வீட்டில ஒன்பது நாள். அது ஒரு குறையுமில்ல. ஏன் ஒன்பது நாள் அங்க இருந்தமெண்டா அப்பாக்கு லீவு குடுத்ததே கடைசி வியாழனும் வெள்ளி மத்தியானம் வரைக்கும்தான். வெள்ளி இரவு எங்களுக்கு பிளேன். அந்த ஒண்டரை நாளுக்குத்தான் இவ்வளவு தூரம் போனது.

வியாழன் விடிய 6 மணிக்கு அபுதாபி பஸ் ஸ்டாண்ட்ல நிக்கச் சொன்னவன். மச்சாளின்ட மனுசன் கொண்டுவந்து இறக்கிட்டு வேலைக்குப் போட்டார். 7 மணிக்கு எடுத்தா "டிரைவர் வழியில". எட்டரைக்கு "டயர் போட்டுதாம் தங்கச்சி". 10 மணிக்கு "வேற வண்டி அனுப்புறன், அசையாம அங்கயே நில்லுங்கோ". பதினொண்டேகாலுக்கு போன் ஓஃப். டிரைவர்ட நம்பர் எண்டு தந்தது பாவனையிலயே இல்ல. அம்மா வெளியில ஒரு நிழல்ல கருவாட்டுப் பார்சலையும் தொதல் டின்னையும் மடியில வச்சுக்கொண்டு, வாற ஒவ்வொரு வெள்ளை வாகனத்தையும் எழும்பி எழும்பிப் பார்த்தா.

லிவாக்கு சாதாரண பஸ்ஸே ஓடுது எண்டதை அங்க நிண்ட மலையாளி அண்ணை ஒருத்தர்தான் சொன்னவர். ரெண்டு பேருக்கும் சேர்த்து எங்கட காசுக்கு சில ஆயிரம்தான். முதல் பஸ்ஸில சீட் இல்ல, அடுத்ததுக்கு நிண்டு, மதீனத் சாயித் தாண்டிப் போய் மெசைரா எண்ட லிவா டவுன்ல இறங்கேக்க பின்னேரம் அஞ்சு.

அப்பா காலமை ஒன்பது மணியில இருந்து ரவுண்டபவுட்ல நிண்டிருக்கிறார். அவன் எங்களுக்குச் சொன்ன ஒவ்வொரு பொய்யையும் நாங்க அப்பிடியே அப்பாக்கு சொல்லிக்கொண்டிருந்தம், "இந்தா வந்திடும் அப்பா" எண்டு. வாகனம் தவறிப் போயிடுமெண்டு மனுசன் அந்த இடத்தை விட்டு நகரேல்ல. ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 15 மட்டும் பன்னிரண்டரையில இருந்து மூண்டு மணிவரை வெயிலுக்க ஆக்களை வேலை வாங்கக்கூடாதெண்டு அந்த நாட்டுச் சட்டமே இருக்கு. அந்த நேரம் முழுக்க எங்கட அப்பா ரோட்டில நிண்டிருக்கிறார், 61 வயசு. உதடு வெடிச்சிருந்துது. அம்மா ஒண்டும் கதைக்கேல்ல, சேலைத் தலைப்பை நனைச்சு முகத்தைத் துடைச்சுவிட்டா.

ரூமுக்குப் போனா எங்கட பேரில புக்கிங்கே இல்லையாம். கையில இருந்த தாளைக் காட்டினன், "இது எங்கட தாளே இல்ல" எண்டு அந்தப் பிலிப்பைன்ஸ் பிள்ளை பாவமா சொன்னா. புதுசா ரூம் எடுக்க எங்களிட்டக் காசு இல்ல. அப்பான்ட கேம்ப்ல பொம்பிளையளுக்கு அனுமதி இல்ல. ஒரு கஃபட்டேரியாவில போய் இருந்தம், பரோட்டாவும் டீயும், அஞ்சு மணித்தியாலம். மூண்டு வருஷத்துக்கு அஞ்சு மணித்தியாலம். அப்பா கேம்ப்ல இருந்து பெஷாவர் ஆள் ஒருத்தரைக் கூப்பிட்டு 400 திர்ஹாம் குடுத்து இரவு பத்துக்கு எங்களை அபுதாபிக்கு அனுப்பினவர், அதுவும் கடன் வாங்கி. தானும் கூட வாறன் எண்டு ஏறினவர்தான். வெள்ளி மத்தியானம் பவுசர் எடுக்கோணும், திரும்பி வர வழி இருக்காதெண்டு அம்மாதான் இறக்கிவிட்டா. மணல்மலையை அம்மா பார்க்கேல்ல. இருட்டுக்குள்ள கண்ணாடியால பார்த்துக்கொண்டு வந்தா, ஒண்டும் தெரியேல்ல.

இனி ஊர்ல நடந்தது. திங்கள் போனா கவுண்டர்ல பிள்ளை "சேர் பாங்குக்கு போட்டார்" எண்டா, ரெண்டு மணித்தியாலம் இருந்தன். செவ்வாய் ஆள் இருந்தான், "அது அங்கத்தைய பார்ட்னர்ட வேலை தங்கச்சி, நாங்க புக்கிங் மட்டும்தான் போட்டது, கதைச்சுச் சொல்லுறன்". பார்ட்னர்ட பேரைக் கேட்டா தரமாட்டானாம். இண்டைக்கு என்ன சொன்னவன் தெரியுமா, "நீங்க சொன்ன டைமுக்கு அங்க நிக்கேல்லையாம், டிரைவர் வந்து பார்த்திட்டுப் போனவராம், அதால காசு திரும்பாது". அஞ்சு மணித்தியாலத்துக்கு மேல அந்த பஸ் ஸ்டாண்ட்ல நிண்ட என்ட முகத்தைப் பார்த்துச் சொன்னான். அவன் தந்த ரசீதை இப்பதான் வடிவா வாசிச்சன், "சேவைக் கட்டணம் 1,85,000", அவ்வளவுதான். வாகனமும் இல்ல, ரூமும் இல்ல, திகதியும் இல்ல. வெளிய வந்து போன் அடிக்கிறன், நம்பரை புளொக் பண்ணிட்டான்.

இவனுக்கு விசா டிக்கட்டில ஏமாத்தத் தேவையில்ல. அது பிழைச்சா நாங்க ஊரிலயே நிண்டு சண்டை பிடிப்பம். தூரத்தில நடக்கிற பகுதியிலதான் கை வைக்கிறான், அங்க நிண்டு என்ன செய்வம் நாங்க?

விளக்கமா சொல்லுறன் எண்டனான், இப்ப கை ஓடுதில்ல. கேஷ் குடுக்காதீங்கோ, பாங்கில போடுங்கோ. ரசீதில ஒவ்வொண்டும் தனித்தனியா எழுதிக் கேளுங்கோ. ரூம் எண்டா போக முதல் நீங்களே அந்த இடத்துக்கு போன் எடுத்து உங்கட பேர் இருக்கோ எண்டு கேளுங்கோ. பஸ் ஓடுதோ எண்டு அங்க இருக்கிற ஆக்களிட்ட விசாரிச்சுக்கொள்ளுங்கோ. பாவனையாளர் அதிகாரசபை நம்பர் 1977, நான் எடுத்திட்டன், எழுத்திலயும் குடுக்கப்போறன்.

இதே மாதிரி வேற ஆரும் குடுத்திருந்தா தயவுசெய்து சொல்லுங்கோ, சேர்ந்து போவம். நாளைக்குக் காலமை கடை திறக்க முதல் நானும் அம்மாவும் அங்க வாசல்ல நிப்பம். அம்மா அதே கதிரையில போய் இருக்கப்போறனெண்டு சொல்லுறா.